சாலை, மரம், மனை: தர்மபுரி வட்டார உள்ளாட்சியின் கதை

தர்மபுரி வட்டாரத்தில் சாலையோரம் கல் நட்டுத் தூரம் குறிக்கும் வழக்கம் வெள்ளைக்காரர்களோடு வந்ததல்ல. அதியமான் பெருவழி என்று பெயர் பொறித்த, 13-ஆம் நூற்றாண்டு அளவிலான இரண்டு காதக் கற்கள் இம்மாவட்டத்தில் கிடைத்திருக்கின்றன. நாவற்தாவளம் என்னும் இடத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்பதை அவை சொல்கின்றன: ஒன்றில் 29, மற்றொன்றில் 27. எழுத்தோடு நிற்காமல், பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி என்று கல்லில் குடைந்தும் வைத்திருக்கிறார்கள். எழுத்தறியாத பொதிமாட்டுக்காரரும் விரலால் தடவித் தூரத்தை எண்ணிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் தகடூர் என்று வழங்கிய இவ்வூர், மைசூர் மேட்டு நிலத்திலிருந்து தொப்பூர் கணவாய் வழியாகச் சமவெளிக்கு இறங்கும் பாதையில் இருந்தது. படைக்கும் வணிகத்துக்கும் வேறு நல்ல வழி அருகில் இல்லாததால், ஊரின் வரலாறு பெரும்பாலும் பாதையின் வரலாறாகவே இருக்கிறது.

நிலத்தின் கணக்கு எழுதப்பட்டது அதற்கு வெகு காலம் பின்பு. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் தர்மபுரி அடங்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். தாமஸ் மன்றோ, மக்லவுட், கிரகாம் ஆகியோர் அவருடைய உதவியாளர்கள். மன்றோ 1799 வரை ஏழாண்டுக் காலம் தர்மபுரிப் பகுதியில் வேலை செய்தார். வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை குறித்து, உழுபவரிடமே நேரடியாக வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. பின்னாளில் மன்றோ சென்னையின் கவர்னரானபோது அது மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. தர்மபுரியில் அவர் ஒரு தோட்டமும் போட்டிருந்தார். அவருடைய நினைவாக நிற்கும் தூண் இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இந்த அளவை வரி வாங்குவதற்காக நடந்தது. ஆனால் அதன் இன்னொரு விளைவு நீண்ட காலம் நின்றது. எது பட்டா, எது புறம்போக்கு என்ற பிரிவு ஊர்க் கணக்கில் உறுதியானது. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு எல்லாம் தீர்வை இல்லாத நிலமாகத் தனியே எழுதப்பட்டன. இடையில் 1802 முதல் சில ஆண்டுகள் நிலங்களை மிட்டாக்களாகத் தொகுத்து ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ஏலம் எடுத்த மிட்டாதாரர்கள் பலர் நொடித்துப்போனார்கள். அவர்களுடைய மிட்டாக்கள் மறுபடியும் சர்க்கார் வசம் வந்தன. நொடிக்காத மிட்டாக்களில் ஜமீன்தாரி ஒழிப்பு வரை வேறு கணக்கு ஓடியது. இன்று ஓர் ஊராட்சி பூங்காவுக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ இடம் தேடும்போது கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் முதலில் பார்ப்பது அந்தப் பழைய புறம்போக்கு வரிசையைத்தான்.

சாலைக்குத் தனிப் பணம் ஒதுக்கும் ஏற்பாடு 1866-இல் வந்தது. அவ்வாண்டுச் சட்டம் நிலத்தின் மீது, ரூபாய்க்கு அரையணா வீதம், சாலை வரி விதிக்க இடம் கொடுத்தது. 1871-இன் உள்ளூர் நிதிச் சட்டம் அதை விரித்து, ரூபாய்க்கு ஓரணா வரை வாங்கலாம் என்றது. 1882-இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வந்து, 1884-இல் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டம் பிறந்தது. மாவட்டத்துக்கு ஒரு ஜில்லா போர்டு, அதன் கீழ் தாலுகா போர்டுகள், நகராட்சி ஆகும் அளவுக்கு வளராத ஊர்களுக்கு யூனியன் பஞ்சாயத்துகள் என்று மூன்று அடுக்கு ஏற்பட்டது. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகாத் தலைநகர். 1901-இல் ஊரின் மக்கள்தொகை எட்டாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. தெருவிளக்கு, துப்புரவு, கிணறு போன்றவை யூனியனின் வேலை. பெருஞ்சாலைகளும் சத்திரங்களும் மருத்துவமனைகளும் மேலே இருந்த போர்டுகளின் வேலை. தலைவர் பதவியில் கலெக்டரே அமர்ந்திருந்த காலம் அது. தேர்தல் என்பது பெயரளவில்தான் இருந்தது. இருந்தாலும், நிலத்துக்குக் கட்டும் வரியோடு சாலைக்கும் சேர்த்துக் கட்டிய குடியானவருக்குத் தன் பணம் எந்தச் சாலையில் கொட்டப்படுகிறது என்று பார்க்கும் வாய்ப்பாவது இருந்தது.

சாலையோடு மரமும் போர்டின் சொத்தானது. ஆல், வேம்பு, புங்கன், நாவல், மா ஆகியவற்றை நட்டாலும் தர்மபுரிச் சாலைகளில் மேலோங்கியது புளி. அதற்குக் காரணங்கள் உண்டு. மழை குறைந்த செம்மண்ணில் புளி தாங்கும். வேர் ஆழமாக இறங்குவதால் காற்றில் எளிதில் சாயாது. ஆடு மாடு கடிக்காமல் முதல் சில ஆண்டுகள் முள்வேலி கட்டிக் காப்பாற்றிவிட்டால் அப்புறம் பராமரிப்பே வேண்டாம். ஆலை விதை போட்டு வளர்ப்பதில்லை. ஆள் உயரப் போத்து வெட்டி நட்டால் போதும், அதற்குச் செலவும் குறைவு. ஆனால் ஆல் நிழலைத் தவிர வேறெதையும் கொடுக்காது. புளியோ ஆண்டுதோறும் காய்க்கும். சாலையோர மரங்களின் மகசூலை ஏலம் விட்டு வரும் பணம் போர்டின் வரவுக் கணக்கில் தனித் தலைப்பாக இருந்தது. நிழலுக்கென்று நட்ட மரம் சாலையின் செலவில் ஒரு பங்கைத் தானே சம்பாதித்துக் கொடுத்தது என்பது இன்றைய மரம் நடும் திட்டங்களில் அரிதாகவே காணும் ஏற்பாடு.

இந்த ஏலம் இன்றும் நிற்கவில்லை. தை மாதத்துக்கு மேல் பழம் முற்றியதும் ஏலம் எடுத்தவர்கள் ஆள் வைத்து மரத்தில் ஏறி உலுக்குகிறார்கள். ஓடு உடைத்து, நார் நீக்கி, கொட்டை எடுக்கும் வேலை பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களில் வீடு வீடாக நடக்கிறது. பெரும்பாலும் பெண்களின் வேலை அது. ஏலம் விடுவது மட்டும் இப்போது நெடுஞ்சாலைத் துறை.

புறம்போக்கில் மரம் வைப்பவருக்கும் வருவாய்க் கணக்கில் ஓர் இடம் இருந்தது. சர்க்கார் நிலத்தில் நட்டு வளர்த்த மரத்தின் பலனை அனுபவிக்க மட்டும் உரிமை தரும் மரப்பட்டாவை, அது பதியப்படும் கிராமக் கணக்கின் எண்ணை ஒட்டி, 2-சி பட்டா என்பார்கள். நிலம் சர்க்காருடையது, பழம் நட்டவருடையது. நிலத்தைத் தூக்கிக் கொடுக்காமலேயே ஊராரை மரம் வளர்க்க வைத்த இந்த ஏற்பாடு, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காயும் இன்றைய கன்றுகளைப் பார்க்கும்போது, எளிதில் ஒதுக்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

ரயிலைக் கொண்டுவந்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கடுமையாகத் தாக்கியது. நிவாரண வேலையாக வெட்டிய மண்சாலைகளும் ஏரிக்கரைகளும் பல. தானியம் இருந்த இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போய்ச் சேராததே சாவைப் பெருக்கியது என்று 1880-இன் பஞ்சக் கமிஷன் கருதியதால், பஞ்சம் பாதிக்கும் உள்நாடுகளுக்கு ரயில் போடும் யோசனை வலுத்தது. சென்னையிலிருந்து சேலம் போகும் பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலமுள்ள சிறு ரயில் பாதை 1906-இல் திறக்கப்பட்டது. தூரம் ஏறத்தாழ 30 கி.மீ. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. மொரப்பூர்ப் பாதைக்கு முந்தைய ஆண்டு, 1905-இல், திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை வந்திருந்தது. தஞ்சாவூரில் ஜில்லா போர்டே வரி போட்டு ரயில் பாதை கட்டியது. வறண்ட சேலம் ஜில்லாவின் வடபகுதிக்குப் பஞ்சத்தின் பெயரால் மேலிடத்துப் பணம் வர வேண்டியிருந்தது. வேகமில்லாத வண்டி, குறைந்த சரக்கு, அதைவிடக் குறைந்த லாபம். பேருந்துப் போட்டியும் சேர, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் தர்மபுரிக்கு ரயிலே இல்லை.

அதே காலத்தில் போர்டுகளும் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. 1931-இல் மோட்டார் வாகன வரி வந்து, சாலைகளில் சுங்கம் வாங்கும் உரிமை போனது. 1934-இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டன. 1946-இல் மாகாண நெடுஞ்சாலைத் துறை உருவானது. பெருஞ்சாலைகள் படிப்படியாக அதன் கைக்குப் போயின. 1958-இன் பஞ்சாயத்துச் சட்டம் ஜில்லா போர்டுகளை முடித்துவைத்து, ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. மக்களுக்கு நெருக்கமான அமைப்பு வேண்டும் என்பதே நோக்கம். அது ஓரளவு நிறைவேறியது: கிராமத்துக்கு இணைப்புச் சாலை, பள்ளிக் கட்டடம், குடிநீர்க் கிணறு என்று ஒன்றியங்கள் செய்தவை கணிசம். ஆனால் ஒரே பணப்பையில் இருந்த சாலையும் மரமும் அதைத் தாங்கிய நிலவரியும் பிரிந்தன. பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, புறம்போக்கு வருவாய்த் துறைக்கு, காடு வனத்துறைக்கு, தெரு ஊராட்சிக்கு என்றானபின், ஒரு சாலையோர மரத்தைப் பற்றிப் பேசவே நாலு அலுவலகங்களுக்கு நடக்க வேண்டிய நிலை வந்தது.

தர்மபுரி 1964-இல் நகராட்சி ஆனது. அடுத்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரும் ஆனது. பின்பு 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியே போனது. சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை தர்மபுரி வழியாகப் போடப்பட்டு, 1990-களில் அகலப் பாதையாக மாறியது. எனினும் மாவட்டத்துக்குள் ஊரையும் ஊரையும் சேர்த்தது ரயில் அல்ல, பேருந்தே. 1987-இல் அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் தர்மபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. 1997-இல் மாநிலம் முழுதும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது இந்தப் பெயரும் போயிற்று. மலையூர்களுக்கு மட்டும் பேருந்து எட்டவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வத்தல்மலைக்குப் பேருந்து ஓடத் தொடங்கியது 2022-இல்தான். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மீது ஏறிப் போனது பலமுறை செய்தியானது.

மனைப் பிரிவுதான் பிற்காலத்தின் பெரிய மாற்றம். 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டம் நில உபயோகத்துக்குத் திட்டம் வேண்டும் என்றது. பெரிய மனைப் பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நகராட்சி எல்லைக்குள் இது ஓரளவு நடந்தது. எல்லைக்கு வெளியே, இலக்கியம்பட்டி போன்ற ஒட்டிய ஊராட்சிகளில், கம்பும் கேழ்வரகும் விளைந்த மானாவாரி நிலங்களில் கல் நட்டு மனை விற்றார்கள். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தே அங்கீகாரமாகக் கருதப்பட்ட காலம் அது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. பணம் கட்டினால் மனைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் ஒதுக்காமல் விட்ட பூங்கா திரும்பக் கிடைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 68,619. நகரம் உண்மையில் எவ்வளவு பெரிது என்பதை இந்த எண் காட்டாது. வளர்ச்சி முழுதும் எல்லைக்கு அப்பால்தான். நகரத்துக்குள் எஞ்சியிருக்கும் பெரிய திறந்த வெளி இராமாக்காள் ஏரி போன்ற நீர்நிலைகளே. அவற்றைக் காப்பாற்றியது எந்த நகரத் திட்டமும் அல்ல. பழைய புறம்போக்குப் பதிவு.

மரத்தின் கதையும் இதே வழியில் போனது. 1981-இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம், ஸ்வீடன் நாட்டு உதவியோடு, ஏரி உட்பரப்புகளில் கருவேலம் வளர்த்தது; விற்ற பணத்தில் ஊராட்சிக்கும் பங்கு கிடைத்தது. போர்டுக் காலத்துப் புளி ஏலத்தைப் போல, உள்ளாட்சியின் கைக்கு மரத்தால் பணம் வந்த இன்னொரு ஏற்பாடு இது. மறுபுறம், பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலை நான்கு வழியானபோதும் பின்னர் ஓசூர்ச் சாலை அகலமானபோதும் அந்தப் பழைய சாலை மரங்கள் விழுந்தன. அரசு நிலத்து மரத்தை வெட்டுமுன் மாவட்டப் பசுமைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு 2021-இல்தான் வந்தது. 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலப் பரப்பில் 33 விழுக்காடு பசுமை வேண்டும் என்பது அதன் இலக்கு. காவிரிக் கரைக் காடுகளும் சித்தேரி மலையும் இருப்பதால் தர்மபுரி மாவட்டம் காட்டுப் பரப்பில் அந்த அளவை ஏற்கெனவே தாண்டிவிட்டது. மாவட்டச் சராசரி நன்றாக இருப்பதே பேருந்து நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் இடையே நிழலில்லாமல் நடப்பவரின் குறையை மறைத்துவிடுகிறது.

மொரப்பூர்–தர்மபுரி ரயிலும் திரும்ப வந்தது, காகிதத்தில். 36 கி.மீ. நீளமுள்ள அகலப் பாதை 2016–17 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்று, 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. சிறு ரயில் ஓடிய பழைய தடம் அதற்குள் வீடுகளாகவும் வயல்களாகவும் சாலைகளாகவும் மாறியிருந்தது. ஆகவே ஒருமுறை ரயிலுக்கென்று எடுத்த அதே வட்டாரத்தில், கிராமம் கிராமமாக அளந்து, இழப்பீடு பேசி, நிலத்தை மறுபடியும் கையகப்படுத்தும் வேலையில் வருவாய்த் துறை இறங்க வேண்டியதாயிற்று.