ஓடுபாதைக்கு வெளியே கிடக்கும் நிலம்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார். பேச்சு கோவை விமான நிலைய விரிவாக்கத்தின் பக்கம் போனது. "ஓடுபாதை ஒரு ரோடு மாதிரி தானுங்க சார்? அதுக்கு எதுக்குங்க 600 ஏக்கருக்கு மேல?" என்று கேட்டார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் பழைய கதையாகத்தானே வரும்? அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

2023 செப்டம்பர் 14. விசாகப்பட்டினத்திலிருந்து மும்பை வந்த லியர்ஜெட் என்ற சிறிய விமானம் கனமழையில் தரையிறங்கியது. 700 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத நிலை. விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, உடைந்து, தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

இனி நம் பக்கத்து ஊர்களுக்கு வருவோம். 2010 மே 22, மங்களூரு. துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தரை தொட்டது. ஓடுபாதை முடிந்ததும் பள்ளத்தாக்கு. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. இரவு, மழை. ஏறத்தாழப் பாதி ஓடுபாதையைக் கடந்த பிறகே சக்கரம் தரை தொட்டது. அங்கும் முடிவில் பள்ளம். 190 பேரில் 21 பேர் இறந்தார்கள்; இரண்டு விமானிகளும் அதில் அடக்கம். கொரோனாவுக்கு அஞ்சாமல் உள்ளூர் மக்கள் ஓடிவந்து மற்றவர்களைத் தூக்கினார்கள்.

இரண்டிலும் விமானியின் தவறு என்றுதான் விசாரணை அறிக்கைகள் சொல்கின்றன. சரி. ஆனால் மனிதன் தவறுவான், மழை பெய்யும். தவறிய பிறகு சக்கரத்துக்குக் கீழே சமதரையா, பள்ளமா என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது.

அதனால்தான் ஓடுபாதையின் இருபுறமும் மேடு பள்ளமில்லாத வெற்றிடம் வேண்டும் என்று உலக விதி சொல்கிறது. முனையிலும் அப்படித்தான். முதலில் 60 மீட்டர். அதற்கப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதி. 240 மீட்டர் இருந்தால் நல்லது என்பது பரிந்துரை. கோழிக்கோட்டில் அந்தப் பகுதியை நீட்ட, விபத்துக்குப் பிறகு சுமார் 14.5 ஏக்கர் நிலம் எடுக்க வேண்டி வந்தது.

நம் பீளமேடு விமான நிலையம் 1940-இல் தொடங்கியது. டகோட்டா, ஃபோக்கர், ஆவ்ரோ போன்ற சிறிய விமானங்கள் வந்துபோன இடம். பெரிய ஜெட் விமானங்களுக்காக 1980களில் அதை மூடி ஓடுபாதையை நீட்டினார்கள். அதுவரை சூலூரில் இறங்கினார்கள். 1987-இல் மீண்டும் திறந்தது. இன்று நீளம் 2,990 மீட்டர். விமானம் பெருக்கப் பெருக்க, அது நிற்பதற்கான நிலமும் பெருகத்தான் வேண்டும்.

600 ஏக்கரும் பாதுகாப்புக்கு மட்டும் என்று நான் சொல்லவில்லை. நீளமான ஓடுபாதை, புதிய முனையம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 'சும்மா கிடக்கிற இடம்' என்று நாம் நினைக்கும் புல்தரைக்கும் வேலை இருக்கிறது. காலியாகக் கிடப்பதே அதன் வேலை.

அடுத்த முறை சரக்கு ஆர்டர் பேச விமானம் ஏறும்போது ஜன்னல் வழியே அந்தப் புல்தரையைப் பாருங்கள். சிங்காநல்லூர், இருகூர், காளப்பட்டி, நீலாம்பூர் பக்கத்து யாரோ ஒரு விவசாயி விட்டுக்கொடுத்த காடாக அது இருக்கலாம். நம் பயணத்தின் பத்திரத்தில் அவர் பங்கும் இருக்கிறது.