லடாக் ட்ரிப்பில் புத்த மடாலயம் போறீங்களா? உள்ளே நுழையும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

லே-வில் இறங்கி, உயரம் உடம்புக்குப் பழக ஓய்வெடுத்துவிட்டு, பாங்காங் ஏரிக்குக் கிளம்பும் எல்லோருடைய பிளானிலும் இரண்டு மூன்று 'கோம்பா' இருக்கும். லடாக்கில் புத்த மடாலயத்துக்கு அதுதான் பெயர். பிக்குகள் அங்கேயே தங்கி, படித்து, சமைத்துச் சாப்பிட்டு வழிபடுகிறார்கள். அதாவது, நீங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைவது இன்னொருத்தர் வீட்டுக்குள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

இது நமக்கு ஈஸி. நம்ம ஊர் கோயில்ல பிரகாரம் சுத்துற அதே திசைதான். 'சோர்டென்' எனப்படும் ஸ்தூபியோ, மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய 'மணி' சுவரோ, எது வந்தாலும் அது உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும்படி நடங்கள். பிரார்த்தனை உருளைகளையும் வலதுபுறமாகச் சுற்ற வேண்டும். அந்தக் கற்கள்மேல ஏறி உட்காராதீங்க. ஞாபகார்த்தமா ஒண்ணு எடுத்துட்டும் வராதீங்க.

காலை வழிபாட்டில் உட்காரலாமா?

தாராளமாக. லே-யிலிருந்து சுமார் 19 கி.மீ. தூரத்தில் உள்ள திக்சேயில், விடியற்காலையில் பிக்குகள் மொட்டைமாடியில் நின்று நீண்ட கொம்புகளை ஊதுவார்கள். அதன்பிறகு வழிபாடு தொடங்கும். செருப்பு, தொப்பியைக் கழற்றிவிட்டு சுவரோரமாக உட்காருங்கள். நடுவில் வரிசையாக இருக்கும் மெத்தைகள் பிக்குகளுக்கானவை. கால் நீட்டி, பாதம் புத்தரைப் பார்க்கும்படி உட்காரக் கூடாது. சின்னப் பிக்குகள் கெண்டியில் உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொண்டுவருவார்கள். டீயென்று நினைத்துக் குடித்தால் தூக்கிவாரிப் போடும். சூப் என்று நினைத்துக்கொண்டால் பிரச்னை இல்லை.

பலரும் சறுக்குவது அங்கேதான். மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும் பையனின் முகத்துக்கு நேராக போனை நீட்டி ரீல்ஸ் எடுப்பார்கள். போட்டோ வேண்டுமென்றால் வழிபாடு முடிந்ததும் கேட்டு எடுங்கள்.

ஆல்ச்சியில் ஏன் போட்டோவே கூடாது?

சிந்து நதிக்கரையில் உள்ள ஆல்ச்சியின் ஓவியங்கள் ஏறக்குறைய 800, 900 வருடப் பழமையானவை. மூன்றடுக்கு 'சும்ட்செக்' கோயிலில் நிற்கும் பெரிய போதிசத்துவர் சிலையின் வேட்டிமேலேயே கோயில்களும் அரண்மனைகளும் வரையப்பட்டிருக்கின்றன. எல்லாம் மண் பூச்சின் மேல் தீட்டியவை. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும். முதுகுப்பை உரசினால் பூச்சே உதிரும். உதிர்ந்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. டார்ச் கொண்டுபோனாலும் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் அடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

முகத்தை மூடிய தெய்வம்

லே விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்பிதுக்கை டிரைவர்கள் சிலர் 'காளி கோயில்' என்பார்கள். அங்கே இருப்பவர் வஜ்ரபைரவர், பௌத்தத்தின் காவல் தெய்வம். வருடத்தில் குஸ்தோர் திருவிழாவின்போது மட்டும்தான் முகத்திரையை விலக்குவார்கள். மற்ற நாட்களில் துணியைத் தூக்கிப் பார்க்க முயல வேண்டாம். தேங்காய், குங்குமமும் வேண்டாம். காவல் தெய்வ அறைகளில் சிலவற்றில் பெண்களுக்கு அனுமதி இல்லை. நியாயமா என்று உங்களுக்குக் கோபம் வரலாம், எனக்கும் வரும். ஆனால் வாசலில் நிற்கும் பிக்குவிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பைக்கில் கட்ட பிரார்த்தனைக் கொடி வாங்கினால் உயரமாகக் கட்டுங்கள், மட்கார்டில் சேறு படும்படி வேண்டாம். காணிக்கையை உண்டியலில் போடுங்கள். 'ஜூலே' என்ற ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு போங்கள். வணக்கம், நன்றி, போய்ட்டு வரேன், மூணுக்கும் அதுவே போதும்.