கலகெதர வழியும் கண்டி றக்பியும்

குருநாகலையிலிருந்து கண்டிக்கு ஏறும் பெருவழியில், சமவெளி முடிந்து மலை தொடங்கும் வாயிலில் அமைந்துள்ளது கலகெதர. கண்டி இராச்சியத்தின் காவற் கணவாய்களுள் ஒன்று இது. 1803ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மக்டவல் என்னும் தளபதியின் கீழ் வந்த ஆங்கிலப் படை கலகெதர, கிரிஹாகம ஆகிய அரண்களைக் கைப்பற்றிய பின்னரே கண்டி நகருள் நுழைந்தது. இவ்வூரை அடுத்துள்ள மடிகே என்னும் முஸ்லிம் கிராமத்தின் பெயரும் பழைய வரலாறொன்றைத் தாங்கி நிற்கிறது. கண்டி மன்னர் காலத்தில் பொதிமாடுகளைக் கொண்டு பாக்கை மலையிலிருந்து இறக்கி, உப்பையும் துணியையும் மலைக்கு ஏற்றிய போக்குவரத்துத் திணைக்களத்துக்கு 'மடிகே பத்த' என்று பெயர். அத்தொழிலில் பெரும்பங்கு கொண்டோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். எனவே இவ்வழியிற் போவதற்கும் வருவதற்கும் என்ன செலவாகும் என்ற கணக்கு இவ்வூரார்க்குப் புதியதன்று.

அக்கணக்கை இன்று ஒரு விளையாட்டின்மேல் வைத்துப் பார்ப்போம். கலகெதரவிலிருந்து கண்டி ஏறத்தாழ 20 கிலோமீற்றர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து நகரை நோக்கி வரும் வழியில், கண்டி விளையாட்டுச் சங்கத்தின் மைதானமாகிய நித்தவெலையை எட்டிவிடலாம். நம்மவர் வாயில் 'றகர்' என வழங்கும் றக்பி ஆட்டத்துக்கு மலைநாட்டில் இன்று அதுவே தலைமைப் பீடம். முன்பு சனிக்கிழமை மாலைகளிற் சுற்றூர்களிலிருந்து அங்கு வந்த கூட்டம் இப்போது வருவதில்லை என்று பழைய இரசிகர்கள் குறைப்படுகின்றனர். முதியோர் யாவரும் தம் இளமைக்காலக் கூட்டத்தைப் பெரிதாகவே நினைவுகூர்வர் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் இக்குறையில் உண்மை இருக்கிறது. அதன் வேரைக் காண நூறாண்டுகளுக்கும் மேலாகப் பின்சென்று நோக்குதல் வேண்டும்.

இலங்கையில் றக்பி 1879ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு சங்கமாக உருப்பெற்றது. ஆடியோர் அனைவரும் ஆங்கிலேயர். வணிக நிலையத்தார், படையினர், தோட்டத்துரைமார். பள்ளிச் சிறுவரிடம் அதனைக் கொண்டுவந்த பெருமை கண்டிக்கு உரியது. 1891ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தோற்றுவித்த லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்னும் பறங்கியர் அவ்வாண்டிலேயே தம் மாணவர்க்கு இவ்வாட்டத்தைப் பழக்கினார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1906இல், கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதின. நாட்டில் இரு பள்ளிகள் ஆடிய முதல் றக்பி ஆட்டம் அதுவே; ஆறுக்கு ஆறு என்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1908இல் இலங்கை றக்பிச் சங்கம் நிறுவப்பெற்றது. 1920இல் திரித்துவக் கல்லூரி கொழும்பு றோயல் கல்லூரியை முதன்முதலாகச் சந்தித்தது. 1945இல் றோயல் கல்லூரி அதிபர் பிராட்பி ஒரு கேடயத்தை வழங்கவே, இவ்விரு கல்லூரிகளின் போட்டி கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என இரண்டு ஆட்டங்களாக நிலைபெற்றது. அக்கேடயத்தின் பெயரைக் கேட்டாலே கண்டியிற் பலருக்கு இன்றும் உடல் சிலிர்க்கும்.

பள்ளிகளைப் பற்றி இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆட்டத்துக்குப் பொதுமக்கள் கூட்டம் என ஒன்று வந்து சேர்ந்தது பள்ளிகளின் வழியாகவேயன்றித் துரைமார் சங்கங்களின் வழியாக அன்று. மலைநாட்டுச் சங்கங்களின் அமைப்பை நோக்கினால் இது விளங்கும். 1874இல் பிறந்த கண்டி விளையாட்டுச் சங்கம், றதெல்லையில் திம்புளைச் சங்கம், தரவளையில் டிக்கோயா மஸ்கெலியாச் சங்கம், பதுளையில் ஊவாச் சங்கம் ஆகியவை பல்லாண்டு காலம் தோட்டத்துரைமாரின் சங்கங்களாகவே இருந்தன. வார இறுதியில் ஒரு துரை ஐம்பது மைல், எழுபது மைல் மலைப்பாதையில் மோட்டார் வண்டியிற் சென்று ஆடிவிட்டு, இரவு விருந்துண்டு திரும்புவார். செலவு அவருடையது, அல்லது சங்கத்தினுடையது. மைதானத்தைச் சூழ்ந்து தேயிலை. தேயிலைக்கு நடுவே லயன்களில் வாழ்ந்தோர் தமிழ்த் தொழிலாளர். அவர்களுக்கு அச்சங்கங்களில் அங்கத்துவமும் இல்லை, அழைப்பும் இல்லை. நுழைவுச்சீட்டு விற்றுப் பிழைக்கவேண்டிய நிலை அச்சங்கங்களுக்கு என்றுமே இருந்ததில்லை. மலைநாட்டு றக்பியின் கணக்கேட்டில் பார்வையாளன் தொடக்கத்திலிருந்தே வரவுப் பக்கத்தில் எழுதப்பட்டவனல்லன். பின்னர் நேர்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே மூலம் என்பது எமது கருத்து.

மலைநாடும் கரைநாடும் ஆண்டுதோறும் மோதிய ஆட்டங்கள் ஒரு காலத்தில் பெரிதும் பேசப்பட்டன. தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்டின் துணைவியார் 1926இல் அளித்த கிளிபர்ட் கிண்ணம் நாட்டின் தலையாய பரிசாயிற்று. கொழும்பில் இலங்கையர்க்கென ஒரு றக்பிச் சங்கம் 1922இல் எழுந்தது. 1950 செப்டெம்பரில், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ஆடித் திரும்பிய பிரித்தானியத் தீவுகளின் அணி கொழும்பில் இறங்கி, இலங்கை அணியை 44க்கு 6 என்று வென்றது. 1955இல் நியூசிலாந்தின் இளைஞர் அணி வந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கொலின் மீட்ஸ் அவ்வணியில் ஓர் இளைஞராக இருந்தார்.

அந்நாட்களிலேயே துரைமார் நாடு திரும்பத் தொடங்கிவிட்டனர். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு ஐம்பது ஏக்கர் எல்லை விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. தோட்டங்களைத் தளமாகக் கொண்ட சங்கங்களின் அடித்தளம் அதனால் ஆட்டம் கண்டது. திம்புளையும் டிக்கோயாவும் ஊவாவும் முதல்தர வரிசையிலிருந்து மெல்ல மெல்ல நீங்கின. ஒரு மாகாணம் முழுவதிலும் பரவியிருந்த ஆட்டம் ஒரு நகரத்துள் ஒடுங்கியது. நுவரெலியாப் பக்கத்தவனுக்கும் பதுளைக்காரனுக்கும் பக்கத்தில் இருந்த மைதானம் இப்போது மணிக்கணக்கான பிரயாணத்துக்கு அப்பால் சென்றுவிட்டது.

கண்டி நகரம் மட்டும் தழைத்தது. இலங்கையர் கைக்கு வந்த கண்டிச் சங்கம், திரித்துவம், கிங்ஸ்வூட், புனித அந்தோனியார், தர்மராஜ, வித்யார்த்த ஆகிய கல்லூரிகளின் பிள்ளைகளைக் கொண்டு வளர்ந்தது. 1990களில் எழுந்து, அதன் பின்னர் பல ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் வாகை சூடியது. கிங்ஸ்வூட் கல்லூரியிற் பயின்ற பாசில் மரிஜா கண்டி அணிக்கும் இலங்கை அணிக்கும் தலைமை தாங்கினார். கொழும்பின் செல்வச் சங்கங்கள் மலையேறி வந்து தோற்றுத் திரும்புவதைக் காண்பதில் ஒரு தனி இன்பம் இருந்தது. அதனைச் சிற்றின்பம் என்பாரும் இருக்கலாம். அவ்வின்பத்துக்காகவே வத்தேகமையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் கலகெதரவிலிருந்தும் மக்கள் வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் அக்கல்லூரிகளிற் படித்தவரல்லர், சங்கத்து அங்கத்தவருமல்லர். 'எங்கள் கண்டி' என்ற ஒரு சொல்லே அவர்களின் உரிமைச்சீட்டு.

இனி மைதானங்களின் இருப்பிடத்தை நோக்குவோம். போகம்பறை மைதானம் நகரின் நெஞ்சில் இருக்கிறது. புகையிரத நிலையம், பஸ் நிலையம், சந்தை மூன்றும் நடை தூரம். சந்தைக்கு வந்தவன் மூட்டையைத் தோளில் வைத்தபடியே ஆட்டத்தை எட்டிப் பார்க்கலாம். ஆட்டம் பார்க்க வந்தவன் வீட்டுக்கு மரக்கறி வாங்கிப் போகலாம். இரண்டு காரியத்துக்கு ஒரே பஸ் கட்டணம். பிராட்பி கேடயத்தின் கண்டி ஆட்டம் நெடுங்காலம் அங்கு நடைபெற்றது. பின்னர் அது மகாவலிக்கு அப்பால், பல்லேகலையில் உள்ள திரித்துவக் கல்லூரியின் அழகிய றக்பி அரங்குக்குச் சென்றது. அரங்கு சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கலகெதரவிலிருந்து புறப்படுபவன் கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பல்லேகலைக்கு இன்னொரு பஸ் என இரண்டு ஏறவேண்டும். திரும்பும்போதும் அவ்வாறே. சொந்த வாகனம் உடையவர்க்கு மைதானம் சிறிதே விலகிற்று. இல்லாதவர்க்குச் செலவு இரட்டித்தது.

இந்நிலையில் வந்தது 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. 2020இல் தொடங்கிய பெருந்தொற்றினால் மைதானங்கள் மூடிக்கிடந்து, மக்களின் சனிக்கிழமைப் பழக்கம் ஏற்கெனவே அறுந்திருந்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாயாயிற்று. ஆண்டுத் தொடக்கத்தில் 17 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாயைத் தொட்டது. எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்குக் கிடைத்தது நான்கு லீற்றர். கலகெதரவிலிருந்து நித்தவெலைக்குச் சென்று திரும்ப ஒரு லீற்றரளவு தேவை. வாரத்தின் உழைப்புக்குக் கிடைத்த பங்கில் காற்பங்கை ஓர் ஆட்டத்துக்கு ஈவான் எவன்? 2021இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அதைக் கொண்டு அன்று வாங்கக்கூடியது இரண்டு லீற்றர் பெற்றோலும் சில சில்லறையும். விலைகள் பின்னர் ஓரளவு இறங்கின. இறங்காதது வீட்டிலிருந்து பார்க்கும் வழக்கம்.

பலர் நுழைவுச்சீட்டின் விலையையே குற்றம் சொல்வர். சீட்டு அச்செலவின் ஒரு சிறு கூறுதான். தந்தையும் இரு பிள்ளைகளும் போனால் போகவர மூவருக்குப் பஸ், நடுவில் தேநீரும் வடையும், பிள்ளை கேட்கும் ஐஸ்கிரீம், மழை வந்தால் திரும்ப ஒரு முச்சக்கர வண்டி. இவையே பையை வெறுமையாக்குபவை. கண்டியில் றக்பிப் பருவமும் மழைப் பருவமும் உடன்பிறந்தவை என்பதை அங்குள்ளோர் அறிவர். சங்கங்கள் சீட்டின் விலையைக் குறைத்தாலும் இந்தச் செலவு குறையாது. ஆகவே விலைக்குறைப்பு ஒன்றினால் கூட்டம் திரும்பிவிடும் என்று நம்புவோர் கணக்கின் முதல் வரியை மட்டும் படித்தவராவர்.

தொலைக்காட்சி 1979இலும் 1982இலும் நம் நாட்டில் இரண்டு நிலையங்களாக வந்தது. பின்னர் றக்பியை நேரடியாகக் காட்டும் அலைவரிசைகளும், இப்போது கைத்தொலைபேசியும் வந்துவிட்டன. வானொலி வருணனையைக் கேட்டவனுக்கு மைதானத்துக்குப் போகும் ஆவல் மிகுந்தது. படத்தைப் பார்த்தவனுக்கோ ஆவல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வானொலியில் இதனைச் சொல்வது தற்பெருமை போலத் தோன்றினும் உண்மை அதுவே. மேலும், விளம்பரதாரர் தரும் பணத்தில் அணி நடத்தும் சங்கத்துக்கு வாயிற்பணம் உயிர்நாடியன்று. பழைய துரைமாருக்குத் தேவைப்படாத பார்வையாளன் புதிய விளம்பரதாரருக்கும் இன்றியமையாதவனாக இல்லை.

இது கண்டிக்கு மட்டும் நேர்ந்ததன்று. றக்பியை உயிரென மதிக்கும் நியூசிலாந்திலும் மாகாண ஆட்டங்கள் இவ்வாறே தேய்ந்தன. அங்கு 1904 முதல் ரான்பர்லி கேடயத்துக்காக மாகாணங்கள் மோதின. 1976இல் தேசிய மாகாணப் போட்டி தொடங்கியது. இடைச் சேரிப் பால்பண்ணைக்காரனும் ஆட்டிடையனும் தம் மாகாண அணியைப் பார்க்க வண்டியோட்டி வந்த காலம் அது. 1995இல் றக்பி தொழில்முறை ஆட்டமாயிற்று. அடுத்த ஆண்டு தொலைக்காட்சிப் பணத்தின் வலிமையில் பல நாட்டு அணிகள் மோதும் 'சுப்பர் 12' போட்டி எழுந்தது. சிறந்த வீரர்கள் அங்கே சென்றனர். மாகாண அணிக்கு எஞ்சியோர் ஆடினர். ஆட்டங்கள் குளிர்ந்த இரவுகளுக்கு மாற்றப்பட்டன. டனீடன் நகரில் பழம்பெரும் காரிஸ்புறூக் மைதானத்தை விடுத்து, 2011இல் கூரை வேய்ந்த புதிய அரங்கொன்றைப் பெருங்கடனிற் கட்டினர். மறு ஆண்டே அங்குள்ள ஒட்டாகோ மாகாணச் சங்கம் வங்குரோத்தின் விளிம்புக்கு வந்து, நகரசபையின் கைகொடுப்பால் தப்பியது. செல்வ நாட்டின் கதை இவ்வாறாயின், நம் கதையைக் குறித்து வியப்பதற்கில்லை.

எனினும் ஒரு வேற்றுமையைக் குறிப்பிடுதல் தகும். நியூசிலாந்தில் மாகாண அணி தேய்ந்தபோது மேலே தேசிய அணி நின்றது. அதன் ஒளியில் ஆட்டம் வாழ்ந்தது. இலங்கையில் அப்படி ஒரு பேரொளி இல்லை. 2023இல் உலக றக்பி அமைப்பு நம் சங்கத்தின் உறுப்புரிமையை இடைநிறுத்தும் அளவுக்கு நிர்வாகம் சீர்கெட்டிருந்தது. நம் நாட்டில் இவ்வாட்டத்தைத் தாங்குவன கல்லூரிப் பற்றும் கண்டி என்னும் ஊர்ப்பற்றும் ஆகிய இரண்டே. கல்லூரிப் பற்றுக்குக் குறைவில்லை. பழைய மாணவர் கடல் கடந்தும் பறந்து வருகின்றனர். ஊர்ப்பற்றுக்குத்தான் பஸ் கட்டணம் தேவைப்படுகிறது.

மடிகேயின் பொதிமாடுகள் ஏறிய அதே வழியில் இன்று குருநாகல், கண்டி பஸ்கள் ஓடுகின்றன. சனிக்கிழமை பிற்பகலில் அவை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும்போது நித்தவெலைக்கென்று இறங்குவோர் எத்தனை பேர் என்பதை, சீட்டுக் கிழிக்கும் கொண்டக்டரே எவரிலும் நன்கறிவார். அவரிடம் இதுவரை எந்தச் சங்கமும் கேட்டதாகத் தெரியவில்லை.