தஞ்சோங் பகாரில் கைமுதல் தேடியவர்கள்

சிங்கப்பூர்த் தமிழர் வாணிபத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் நாராயண பிள்ளையிடமிருந்தே தொடங்குவர். அது பொருத்தமே. 1819ஆம் ஆண்டில் இராபிள்ஸ் பினாங்கிலிருந்து வந்த ‘இந்தியானா’ கப்பலில் உடன்வந்தவர் அவர். சிலகாலம் கருவூலத்தில் எழுத்தர் வேலை, பின்னர்த் தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை, அதனையடுத்துத் துணிக்கடை. புதிதாக எழும்பும் நகருக்குச் செங்கல் வேண்டும் என்று அறிய அரிய புலமை வேண்டுவதில்லை. அறிந்தவுடன் பினாங்கிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வரவழைத்தாரே, அதில்தான் அவருடைய திறமை விளங்குகிறது.

1822இல் அத்துணிக்கடை தீக்கு இரையாயிற்று. சரக்கோ ஆங்கில வணிகரிடம் கடனாக வாங்கியது. பிள்ளை இராபிள்சிடம் முறையிட்டார். இன்று இராபிள்ஸ் பிளேஸ் என வழங்கும் பகுதியில் கடை வைக்க அவருக்கு இடம் கிடைத்தது. மீண்டும் தழைத்தார், 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழக் காரணமானார். அவருடைய முயற்சி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆட்சித் தலைவரின் வாயிலில் சென்று நிற்கத்தக்க அறிமுகம் அவருக்கு இருந்தது என்பதையும் மறத்தலாகாது. அவருடைய சூளையில் மண் பிசைந்தவனுக்கு அவ்வாயில் திறந்திராது.

தனியொருவரின் தயவை நம்பாமல், தொழிலுக்கு வேண்டிய அனைத்தையும் ஒரு சமூகமே தன் பிள்ளைகளுக்கு அளிக்கும் முறையை நாட்டுக்கோட்டை நகரத்தார் வகுத்திருந்தனர். அதன் இருப்பிடம் மார்க்கெட் தெருக் கிட்டங்கி. தஞ்சோங் பகார்த் துறைமுகத்திலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவுதான். நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் சில அடி இடம், ஒரு மரப்பெட்டி, ஓர் இரும்புப் பெட்டகம், சில பேரேடுகள். பகலில் அங்கேயே தொழில். இரவில் அங்கேயே உறக்கம்.

பள்ளியாசிரியர்கள் கருதிப் பார்க்கவேண்டியது அங்கு நிகழ்ந்த பயிற்சியை. எண்சுவடியும் வாய்க்கணக்கும் கற்ற சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாக அமர்வான். மை கரைப்பதும் ஏவல் செய்வதும் அவன் வேலை. ஆனால் கண்ணும் காதும் பேரேட்டின் மேலேயே இருக்கும். எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கலாகாது, வட்டியை எவ்வாறு கணக்கிடுவது, ஐந்தொகை எவ்வாறு எடுப்பது என்பன நூலில் இல்லாமல் அவனுக்குப் பாடமாயின. பின்னர் அடுத்தாள், அதற்கும் பின்னர் முதலாளியின் பணத்தை ஆளும் மேலாள். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் பொறுப்பை ஒப்படைத்து ஊர் திரும்புவான். சம்பளத்தில் மீந்தது வட்டியோடு வளரும். சில கணக்குகள் முடிந்தபின் அதையே கைமுதலாக்கிச் சொந்தக் கடை திறந்தோரும் உண்டு. கடைக்குக் கடை ஒருவருக்கொருவர் பணம் கொடுத்து வாங்கினர். 1859இல் அமைந்த டாங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் அனைவரையும் ஒன்றுகூட்டியது. வாக்குத் தவறியவன் அங்கே முகம் காட்ட இயலாது. அறிமுகம், கடன், கணக்கறிவு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்க.

அக்கூரையின்கீழ்ப் பிறருக்கு இடமில்லை. கடன் பெறலாம், பயிற்சி பெற இயலாது. ஈடு வைக்க ஒன்றுமில்லாதவனுக்குக் கடனும் எளிதன்று. 1864இல் தோன்றிய தஞ்சோங் பகார்க் கப்பற்றுறைக் கம்பெனியை 1905இல் அரசாங்கம் ஏற்றது. ஆனால் அங்கு மூட்டை சுமந்த தமிழனுக்கு நாட்கூலி என்பது மாறவில்லை. தோட்டத் தொழிலாளியின் நிலையும் இதுவே. கடைப் பற்று ஏறும். பற்றேட்டைப் படிக்கத் தெரியாது. மாதச் சம்பளம் வாங்கிய அரசாங்க எழுத்தர்களே வட்டிக்குப் பணம் வாங்கித் தத்தளித்தனர். அவர்கள் பொருட்டே 1925இல் அரசாங்க ஊழியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் சிங்கப்பூரில் முதற் கூட்டுறவுச் சங்கமாக எழுந்தது. மாதந்தோறும் சேமித்தவர்கள் தம் சேமிப்பிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக் கொண்டனர். கூலிக்காரனுக்கு அதுவும் எட்டவில்லை.

இந்நிலையில் தஞ்சோங் பகாரில் குடியேறிய கடையநல்லூர் முஸ்லிம்களின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. ஊரில் நெசவு நலிந்ததால் புறப்பட்டவர்கள் இவர்கள். மற்றத் தமிழ் வணிகரும் தொழிலாளரும் பெரும்பாலும் தனியராய் வந்திருக்க, இவர்கள் மனைவி மக்களோடு வந்தனர். ஆடவர் துறைமுக வேலைக்குச் செல்ல, பெண்கள் மசாலை அரைத்துச் சந்தைகளில் விற்றனர்.

இத்தொழிலைச் சிறிதென எண்ணுதல் வேண்டா. அம்மியும் குழவியுமே எந்திரம். காலையில் மிளகாய், மல்லி, மஞ்சள் வாங்கிய காசு மாலைக்குள் கைக்குத் திரும்பும். இடையில் கடன்காரன் நுழைய நாளில்லை. வாடிக்கை வீடுகளும் உணவுக்கடைகளும் ஏற்பட்டுவிட்டால் அதுவே அப்பெண்ணின் நாணயம். வணிக வரலாறு எழுதுவோர் இப்பெண்களுக்கு ஒரு பத்தியும் ஒதுக்காதது பெருங்குறை.

1941இல் இம்மக்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினர். அடுத்து வந்தது யப்பானியர் ஆட்சி. போர் ஓய்ந்த மறு ஆண்டே, 1946இல், கூலிக்காரரும் மசாலைக்காரிகளும் நிறைந்த இச்சமூகத்தின் சங்கம் முதலிற் செய்த பெருஞ்செயல்களில் ஒன்று கடை திறப்பதன்று; பள்ளி திறப்பது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைத் தாங்கித் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அது எழுந்தது. நகரத்தார் சிறுவன் பெட்டியடியில் பெற்ற எழுத்தும் எண்ணும் துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் கிடைக்க வேறு வழி அன்று அரிது. 1960 முதல் உயர்நிலை வகுப்புகளும் நடைபெற்றன. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி அளித்த ஒரே பள்ளி அதுவே.

மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இன்று இல்லை. துறைமுகக் குடியிருப்புகள் இருந்த பக்கம் உயர்மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. மாணவர் தொகை குன்றியதால் 1982இல் அப்பள்ளியும் மூடப்பட்டது. உமறுப் புலவரின் பெயரைத் தமிழ்மொழி நிலையம் ஒன்று இப்பொழுதும் தாங்கி நிற்கிறது.