பாடிக்கு பெயிண்ட் அடிக்கிற கதை

எங்கள் ஊர் கரூரில் பாடி பில்டிங் என்றால் பஸ்ஸுக்குக் கூடு கட்டுவது. வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டி, சில வாரம் கழித்து முழு பஸ்ஸாகக் கிளம்பிப் போகும். என் மாமா அப்படி ஒரு பட்டறையில் பெயிண்டராக இருந்தார். நானும் புனே வந்து பதினேழு வருஷமாக ஒரு கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில்தான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் எங்கள் அபார்ட்மெண்ட் மூன்றாம் மாடிப் பையன் வந்து, "காகா, பாடிக்கு ஸ்பிரே அடிக்க எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்டபோது எனக்குக் கண்முன் நின்றது பஸ்தான் :-)

அவன் சொன்னது ஜிம் பாடி. போட்டி மேடையில் விளக்கு வெளிச்சம் அடிக்கிற அடியில் வெளுப்பான உடம்பில் தசைக்கோடுகள் தெரியாதாம். அதனால் முதல் நாள் ராத்திரியே எல்லோரும் ஒன்றுக்கு இரண்டு கோட்டாக உடம்பை மரக்கலருக்கு மாற்றிக்கொள்வார்கள். இவன் சொந்தமாக மெஷின் வாங்கி, மற்ற போட்டியாளர்களுக்கும் காசுக்கு அடித்துவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறான். பையன் நல்ல சிவப்பு. "எவ்வளவு கறுப்பாகணும்?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களை மாதிரி, காகா" என்றான். முகத்தில் பூசினால் வெளுக்கும் என்று 1975-ல் விற்பனைக்கு வந்து 2020-ல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட அந்த க்ரீமை என் அக்காவுக்கு எத்தனை ட்யூப் வாங்கியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஒரு வாரம் டைம் கொடு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படிக்கப் படிக்க, இது என் தொழிலின் கதையாகவே இருந்தது. பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் வெள்ளைக்காரனுக்குக் கறுக்கிற ஆசை எப்படி வந்தது? அங்கேயும் ஒரு காலத்தில் நம் கதைதான். வயலில் வேலை செய்கிறவள் கறுப்பாள், நிழலில் இருக்கிறவள் சீமாட்டி. தொழிற்சாலைகள் வந்ததும் அது தலைகீழானது. ஏழைகள் கூரைக்கடியில் வெளுத்தார்கள்; காசுள்ளவர்கள் கடற்கரைக்குப் போய் நிறம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மருத்துவமும் சேர்ந்து ஒத்து ஊதியது. தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்த டென்மார்க்காரர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசு. அதே வருஷம் ஸ்விட்சர்லாந்தில் ஆகஸ்ட் ரோலியே என்ற டாக்டர், காசநோயாளிகளை மலை வெயிலில் படுக்கவைக்கும் மருத்துவமனையைத் திறந்தார். 1920களில் ஃபேஷன்காரர் கோகோ ஷானெல் பிரான்ஸின் தென்கடற்கரையிலிருந்து கறுத்துப் போய்த் திரும்பினார், உடனே ஊரே மாறியது என்பார்கள். ஒரு பெண்மணி தலையில் இவ்வளவையும் கட்டுவது எனக்கு உவப்பாயில்லை.

வெயில் இல்லாமல் கலர் ஏற்றும் வேலையும் சீக்கிரமே ஆரம்பித்தது. இரண்டாம் உலகப்போரில் நைலான் எல்லாம் பாராசூட்டுக்குப் போய்விட்டதால், அமெரிக்கப் பெண்கள் காலில் பழுப்புத் திரவத்தைப் பூசி, பின்னங்காலில் புருவப் பென்சிலால் தையல் கோடு வரைந்து, ஸ்டாக்கிங்ஸ் போட்ட மாதிரி நடந்திருக்கிறார்கள். ஆனால் அது வெறும் பூச்சு. கழுவினால் போச்சு.

உண்மையான திருப்பம் வந்தது குழந்தைகள் ஆஸ்பத்திரியில். 1950களின் பிற்பகுதி, அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம். ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர், உடம்பு கிளைகோஜனைச் சேமித்துவைத்துத் திரும்ப எடுக்க முடியாமல் தவிக்கும் ஒரு பிறவி நோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகளுக்கு டைஹைட்ராக்ஸி அசிட்டோன் என்ற எளிய சர்க்கரையைக் கரைத்து, பெரிய அளவில் குடிக்கக் கொடுத்தார்கள். குழந்தைகள் என்ன செய்யும்? பாதியைத் துப்பும். துப்பல் பட்ட துணியில் கறை இல்லை. பட்ட தோலில் மட்டும் சில மணி நேரம் கழித்துப் பழுப்புப் புள்ளிகள். வேறு யாராவது என்றால் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்த அம்மா அதைத் தண்ணீரில் கரைத்துத் தன் தோலிலேயே பூசிப் பார்த்தார். 1960-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரையும் வந்தது.

இதில் சாயம் என்று எதுவும் இல்லை. நம் தோலின் மேல்பரப்பு செத்த செல்களின் அடுக்கு. அதிலிருக்கும் அமினோ அமிலத்தோடு இந்தச் சர்க்கரை வினைபுரிந்து பழுப்பாகிறது. 1912-ல் லூயி காமில் மேயார் விளக்கிய அதே வினைக் குடும்பம்தான். கல்லில் தோசை முறுகுவதும் அதனால்தான். இங்கே அடுப்பு இல்லாததால் நிறம் முழுதாக ஏற எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். செத்த செல் உதிர உதிர, ஒரு வாரம் பத்து நாளில் நிறமும் உதிர்ந்துவிடும். மெலனினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால் இந்தக் கறுப்பு வெயிலிலிருந்து சொல்லும்படி காப்பாற்றவும் செய்யாது.

1960-லேயே காப்பர்டோன் கம்பெனி இதை லோஷனாக விற்க ஆரம்பித்தது. கையால் தேய்த்தால் வரிவரியாக நிற்கும், ஆரஞ்சாகத் தெரியும். ஜனங்கள் சலித்துப்போய் ஊதாக்கதிர்ப் படுக்கைகளின் பக்கம் போனார்கள். (அந்தப் படுக்கைகளை 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.) லோஷன் சரியாக உட்கார வேண்டுமானால் கையை எடுத்துவிட்டுக் காற்றைக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் என் ஆட்கள் வருகிறார்கள்.

1880களின் பிற்பகுதி, அதே ஒஹையோ மாநிலத்தில் டொலிடோ நகரம். ஆலன் டெவில்பிஸ் என்ற தொண்டை டாக்டர், நோயாளியின் தொண்டையில் மருந்தைப் பஞ்சால் தடவுவதற்குப் பதிலாக, ரப்பர் பந்தை அமுக்கினால் மருந்து பனியாகத் தெறிக்கும் ஒரு கருவியைச் செய்தார். அவர் மகன் தாமஸ் அதையே 1907 வாக்கில் பெயிண்ட் ஸ்பிரே கன்னாக மாற்றினார். மேஜை நாற்காலிக்கு அடித்தார்கள். 1920களில் சீக்கிரம் உலரும் டூகோ லாக்கர் வந்ததும் கார் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. பிரஷ்ஷால் வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்குக்கு வந்தது. நான் தினமும் பார்க்கிற சமாச்சாரத்துக்குத் தாத்தா ஒரு தொண்டை மருந்துக் குப்பி என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

அதிகக் காற்றழுத்தத்தில் அடித்தால் பாதி பெயிண்ட் கூட வண்டியில் ஒட்டாது. மிச்சம் காற்றில் மிதக்கும். ஓவர்ஸ்பிரே என்போம். 1980களில் கலிஃபோர்னியாவின் காற்று மாசு விதிகள் இறுகியபோது, நிறையக் காற்று, குறைந்த அழுத்தம் என்று ஒரு வகை கன் பரவியது. ஹெச்விஎல்பி. முனையில் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது. குறைந்தது 65 சதவீதமாவது பொருளில் ஒட்ட வேண்டும் என்பது அளவுகோல். 1990களின் கடைசியில் சின்சினாட்டிச் சர்க்கரையும் டொலிடோ கன்னும் அழகு நிலையங்களில் கைகோத்தன. ஆள் நடுவில் நின்றால் நாலு பக்கமும் தானாக அடிக்கும் பூத்களும் வந்தன. 'ஃப்ரெண்ட்ஸ்' பார்த்தவர்களுக்கு ராஸ் முன்பக்கமே மறுபடி மறுபடி அடிவாங்கிய 2003 எபிசோட் ஞாபகம் வரும் :-)

பையனுக்கு நான் சொன்னது இதுதான். பூத் உனக்குக் கட்டுப்படியாகாது. கம்ப்ரஸர் வைத்த ஏர்பிரஷ் கோடு வரைய நல்லது, ஆனால் ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் நிற்பாய். டர்பைன் வைத்த ஹெச்விஎல்பி வாங்கு. பத்து நிமிஷத்தில் முடியும், காற்று வெதுவெதுப்பாக வருவதால் சீக்கிரம் உலரும், இரைச்சலைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோட்டுக்கு 50, 60 மில்லி போதும். ஒரு சாண் தூரத்தில் பிடி, கையை நிறுத்தாதே, நின்றால் வழியும். ராத்திரியே கன்னைக் கழற்றிக் கழுவு. உள்ளே இருப்பது சர்க்கரை, காய்ந்தால் ஊசி பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

தோலைத் தயார் செய்வது பற்றித்தான் அதிகம் பேசினேன். பெயிண்ட் ஷாப்பில் முக்கால்வாசி வேலை பெயிண்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, தேய்த்து, வேண்டாத இடத்தை மூடி. தோலும் தகரம் மாதிரிதான். முதல் நாளே நன்றாகத் தேய்த்துக் குளித்து, உதிரப்போகிற செல்லை எல்லாம் உதிர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நிறம் திட்டுத்திட்டாகக் கழன்று வரும். ஷேவிங்கும் முதல் நாளே. அன்றைக்கு எண்ணெய், க்ரீம், சென்ட் எதுவும் கூடாது. டியோடரண்ட் போட்டிருந்தால் அக்குள் பச்சையடிக்கும். முழங்கை, முழங்கால், கணுக்கால், உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் செத்த தோல் தடித்த இடம். நிறத்தை அதிகமாகக் குடித்துக் கறுத்துவிடும். அங்கே மட்டும் மெல்லிசாக க்ரீம் தடவிவிட வேண்டும். எங்கள் பாஷையில் மாஸ்கிங். புது ஆளாக இருந்தால் ஒரு நாள் முன்னாடி கையில் ஒரு சொட்டு வைத்து, அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடித்த பிறகு தளர்ந்த கறுப்புத் துணி, எட்டு மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். எங்கே வைத்து அடிப்பாய் என்று கேட்டேன். போட்டி நடக்கிற ஊரில் ஹோட்டல் பாத்ரூமில்தான், ஒரு ராத்திரிக்கு இருபது பேர் வரை வருவார்கள் என்றான். மாஸ்க்? "அடிக்கிறவன் மாஸ்க் போட்டா கஸ்டமர் பயந்துடுவான், காகா."

அமெரிக்க எஃப்டிஏ இந்தச் சர்க்கரையை அனுமதித்தது வெளித்தோலில் தடவ மட்டும். கண்ணில், உதட்டில், மூக்குக்குள் படக்கூடாது, மூச்சில் போகக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறார்கள். உள்ளே போனால் என்ன செய்யும் என்பதற்குப் போதுமான ஆய்வு கிடையாது. காசு கொடுத்து வருகிறவன் பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். அடிக்கிறவன் இருபது பேருக்கும் அங்கேயே நிற்கிறான்.

மாமாவைப் பற்றிச் சொன்னேன். பஸ் உள்கூட்டுக்குள் ஏறி நின்று அடிப்பார். மூக்கில் ஈரத் துண்டு ஒன்றுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து துப்பினால், அன்றைக்கு என்ன கலர் பஸ் என்று அத்தை சொல்லிவிடுவார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தோம். பீடி சிகரெட் தொடாத மனுஷன், ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து, மேலிருந்து காற்று இறங்கித் தரை வழியே உறிஞ்சிப் போகிற பூத்தைப் பற்றி போனில் சொன்னபோது, "தரைக்குள்ள போயிடுமா?" என்று இரண்டு தரம் கேட்டார். அதற்கடுத்த வருஷம் போய்விட்டார்.

பையன் ஒன்றும் பேசவில்லை. மெஷின் பட்ஜெட்டில் கொஞ்சம் குறைத்து, மடக்குகிற டெண்ட் ஒன்றும் ஃபில்டர் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேனும் வாங்கினோம். ஃபேனை ஞாயிற்றுக்கிழமை நானே பொருத்திக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு வாட்ஸப்பில் இரண்டு படம் வந்தது. முதல் படத்தில் ஃபில்டர், டிகாக்‌ஷன் நிறத்தில். இரண்டாவது படத்தில் என்95 மாஸ்க் இரண்டு, ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. வெளிப்பக்கம் அதே டிகாக்‌ஷன். உட்பக்கம் வெள்ளை. கீழே, "14 பேர், காகா" என்று எழுதியிருந்தான்.