ஐரோப்பாவின் சிகரங்கள்



ஸ்பெயின் என்றவுடன் வெயில் காயும் பீடபூமியும், திராட்சைத் தோட்டங்களும், காளைப் போரும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் அந்நாட்டின் வடகோடியில், மழையும் மூடுபனியும் மிகுந்த பசுமையான மலைநாடு ஒன்று உண்டு. அதன் பெயர் அஸ்தூரியாஸ். அதன் கிழக்குப் பகுதியில், கடற்கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவிலேயே, வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறைகள் பெருஞ்சுவர்போல் எழுந்து நிற்கின்றன. 'ஐரோப்பாவின் சிகரங்கள்' என்று பொருள்படும் பிக்கோஸ் தெ யூரோப்பா என்பது அத்தொடரின் பெயர். நெடுங்கடல் கடந்து மீண்ட மாலுமிகளுக்கு ஐரோப்பாவின் முதல் அடையாளமாகத் தென்பட்டமையால் இப்பெயர் வந்தது என்பது செவிவழிச் செய்தி. அவற்றுள் மிக உயர்ந்த தோர்ரே செர்ரேதோ ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரமுடையது. அப்பாறைகளோ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்தவை.

நான் அம்மலைகளை நேரிற் கண்டவன் அல்லேன். வகுப்பறைச் சுவரில் தொங்கிய நிலப்படத்தில் பிரம்பின் நுனியால் தொட்டுக் காட்டியவன். பின்னர் நூல்களின் வாயிலாக அறிந்தவன். இன்று அம்மலையில் நான்கு இடங்களில் உங்களை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் வரலாறு எவ்வாறு தோன்றுகிறது என்று காட்ட விரும்புகிறேன்.

முதலிடம் கோவதோங்கா. செங்குத்தான பாறையில் ஒரு குகை. அதன் கீழே ஓர் அருவி விழுகிறது. கி.பி. 711-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படைகள் சில ஆண்டுகளில் ஸ்பெயினின் பெரும்பகுதியை வென்றன. அவர்களுக்கு அடங்காத சிலர் பெலாயோ என்னும் தலைவனோடு இம்மலைகளிற் புகுந்தனர். 718-இல் என்று சிலரும், 722-இல் என்று பலரும் கூறும் ஒரு போரில், அவர்கள் தம்மைத் தேடி வந்த படையை இங்கே முறியடித்தனர். அஸ்தூரியாஸ் அரசு இவ்வாறு தோன்றியது.

இப்போரைப் பற்றி இருவகைச் சான்றுகள் உள்ளன. ஒன்று, மூன்றாம் அல்போன்சோ மன்னன் பெயரால் வழங்கும் கிறித்தவ வரலாற்றேடு. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பெற்ற அந்நூல், பகைவர் படை 1,87,000 பேர் என்கிறது. அவர்களில் 1,24,000 பேர் போரில் மாண்டனர் என்றும், தப்பி மலையைக் கடந்த 63,000 பேர் மீது மலையே சரிந்து விழுந்தது என்றும் சொல்கிறது. கூட்டல் சரியாகவே இருக்கிறது! ஆனால் நீங்கள் இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். மலைப்பாதையில் ஒருவர்பின் ஒருவராக, ஆளுக்கு ஒரு மீட்டர் இடம் விட்டு அத்தனை பேரும் நடந்தால், அவ்வரிசையின் நீளம் 187 கிலோமீட்டர் ஆகும். முதல் வீரன் குகையை அடையும்போது கடைசி வீரன் பல நாள் வழிக்கு அப்பால் இருப்பான். அந்தக் குறுகிய பள்ளத்தாக்கு அவர்களை எவ்வாறு கொள்ளும்?

மற்றொன்று அரபு மரபு. பழைய நூல்களைத் தொகுத்த அல்-மக்கரி என்னும் பதினேழாம் நூற்றாண்டு ஆசிரியர் வேறுவிதமாகச் சொல்கிறார். பெலாயோவுடன் இருந்த முந்நூறு பேரும் பசியால் குறைந்து, முப்பது ஆடவரும் பத்துப் பெண்டிருமே எஞ்சினராம். பாறைப் பிளவுகளில் கிடைத்த தேனே அவர்களுக்கு உணவாம். அற்பர்கள் என்று எண்ணி அவர்களை விட்டுச் சென்றனராம்.

வென்றவர் தம் வெற்றியைப் பெருக்கினர். தோற்றவர் தம் தோல்வியைச் சுருக்கினர். ஆயினும் இரண்டு நூல்களும் ஒன்றில் உடன்படுகின்றன: ஒரு சிறு கூட்டம் இம்மலையில் அடங்காமல் நின்றது. ஒருவரையொருவர் பகைத்த இரு சாட்சிகள் எதில் ஒத்துப்போகிறார்களோ, அதை உறுதியாகப் பற்றிக்கொள்வது வரலாற்று மாணவனுக்குத் தகும்.

கோவதோங்காவிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் எனோல், எர்சினா என்னும் இரண்டு ஏரிகளை அடையலாம். இதுவே நம் இரண்டாம் இடம். பழங்காலத்துப் பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் நீர் நிறைந்து இவை தோன்றின. இரண்டிற்கும் இடையேயுள்ள மேட்டில் நின்றால் இருபுறமும் நீர்ப்பரப்பையும், சுற்றிலும் மாடுகள் மேயும் புல்வெளிகளையும் காணலாம். பார்ப்பவர்கள் இயற்கை தீண்டப்படாமல் இருக்கிறது என்றே மகிழ்வர். ஆனால் சற்று அப்பால் புபெர்ரேரா என்னுமிடத்தில், இரும்பும் மாங்கனீசும் எடுக்கத் தோண்டிய குழிகள் கிடக்கின்றன. அச்சுரங்கம் 1979 வரை நடைபெற்றது. இவ்வாண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் பின்னர் விளங்கும்.

மூன்றாம் இடம், 2,519 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறைச் சிகரம். நூல்களில் அதன் பெயர் நரான்ஹோ தெ புல்னெஸ். இடையர் வழங்கும் பெயர் உரியேலு. அதன் மேற்கு முகம் ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் செங்குத்தானது. மனிதன் ஏற முடியாதது என்று நெடுங்காலம் கருதப்பட்ட இதில், 1904 ஆகஸ்டு 5-ஆம் நாள் இருவர் ஏறினர். ஒருவர் வில்லாவிசியோசா பிரபுவாகிய பெத்ரோ பிதால். பிற நாட்டார் முதலில் ஏறிவிடலாகாது என்னும் எண்ணம் அவரை உந்தியது. அதற்காக இலண்டனிலிருந்து கயிறு வாங்கி வந்தார். மற்றொருவர் காயின் என்னும் மலைக்கிராமத்தைச் சேர்ந்த கிரெகோரியோ பெரெஸ். அவர் வெறுங்காலுடன் ஏறினார். பாறையில் முன்னே சென்று வழி கண்டவரும் அவரே. பிரபுவின் கயிறும் மலைவாசியின் காலும் சேர்ந்தே சிகரத்தை அடைந்தன. இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பிதால் அக்காலப் பிரபுக்களைப் போலச் சிறந்த வேட்டைக்காரர். 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவையொட்டி நடந்த புறா சுடும் போட்டியில் பரிசு பெற்றவர். அத்தகையவரே பின்னர் மலைக்காக வாதாடினார். அமெரிக்காவில் 1872-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருந்தது. அம்முறை தம் நாட்டிலும் வேண்டும் என்று மேலவையில் அவர் முயன்றதன் பயனாக, 1916 டிசம்பர் 7-ஆம் நாள் ஸ்பெயினின் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1918 ஜூலை 22-இல் கோவதோங்கா மலை அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. போரின் ஆயிரத்திருநூறாவது ஆண்டு என்று அவர்கள் கொண்டாடிய ஆண்டும் அதுவே.

இப்போது 1979 என்னும் ஆண்டை எண்ணிப் பாருங்கள். பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் அறுபத்தோர் ஆண்டுகள் ஏரிக்கரையில் சுரங்கம் நடந்தது! 1918-இலேயே ஒர்தேசா என்னும் பைரனீஸ் மலைப் பள்ளத்தாக்கும் பூங்காவாயிற்று. அங்கே வாழ்ந்த ஒருவகைக் காட்டாட்டினத்தைக் காப்பதும் அதன் நோக்கம். அவ்வினத்தின் கடைசி ஆடு 2000 ஜனவரியில் இறந்து கிடந்தது. சட்டம் காவலைத் தொடங்கிவைக்கும். தொடர்ந்து காப்பது மக்களின் கடமை. இதை ஸ்பெயின் மக்கள் மெல்ல உணர்ந்தனர். 1995-இல் கோவதோங்காப் பூங்கா விரிவுபெற்று, மலைத்தொடரின் மூன்று பகுதிகளையும் தழுவிய பிக்கோஸ் தெ யூரோப்பா தேசியப் பூங்காவாயிற்று. அதனுள் இன்றும் ஊர்கள் இருக்கின்றன. சுண்ணாம்புக் குகைகளில் பாலாடைக்கட்டியைப் பதப்படுத்தும் பழந்தொழில் இம்மலைகளில் இன்றும் வாழ்கிறது. ஆனால் மந்தை மேய்ப்போர் அருகி வருகின்றனர். புல்வெளியை வெளியாக வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களை மறந்து மலையை மட்டும் காப்பது எளிதன்று.

நான்காம் இடம் ஒர்தியாலெஸ். ஏரிகளிலிருந்து பல மணிநேரம் நடந்தே இங்கு வரவேண்டும். பாறை விளிம்பில் நின்றால் ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே ஆங்கோன் பள்ளத்தாக்கு தெரியும். இங்கேயே இளைப்பாற வேண்டும் என்பது பிதாலின் விருப்பம். அவர் 1941-இல் காலமானார். 1949-இல் அவர் உடலின் எச்சங்களை இங்கே கொணர்ந்து பாறையில் அடக்கம் செய்தனர்.

குகையிலிருந்து பார்த்தவனுக்கு இம்மலை அரணாக இருந்தது. சுரங்கக்காரனுக்குத் தாதுவாக இருந்தது. வேட்டைக்காரனுக்கு இரையின் இருப்பிடமாக இருந்தது. இடையனுக்கு என்றும் வீடாகவே இருக்கிறது. ஒருவர் தம் வாழ்நாளிலேயே நின்ற இடத்தை மாற்றிக்கொண்டு, வேட்டைநிலத்தைப் பொதுச்செல்வமாகக் காண முடிந்தது என்பதற்கு ஒர்தியாலெஸ் கல்லறை சான்று. மாணவர்களே, நீங்கள் வரலாற்று நூலில் ஒரு மலையைப் பற்றிப் படிக்கும்போது, இதை எழுதியவர் எங்கு நின்று பார்த்தார் என்று முதலில் கேளுங்கள். பிறகு, அவருக்காகக் கயிற்றின் முன்முனையில் ஏறியவர் யார் என்றும் கேளுங்கள்.