புகையிரதச் செல்வங்கள்: இரத்மலானையும் கடுகண்ணாவையும்

தொன்மைச் செல்வம் என்றதும் நம்மவர் எண்ணம் அனுராதபுரத்துத் தாதுகோபங்களையும் பொலன்னறுவைச் சிவாலயங்களையும் நாடிச் செல்வது இயல்பே. கல்லும் செம்பும் கதை கூறும் என்பதை நாம் அறிவோம். இரும்பும் கதை கூறும் என்பதையோ பெரும்பாலும் மறந்துவிட்டோம். வெள்ளவத்தையிலிருந்து கரையோரப் புகையிரதத்தில் ஏறித் தெகிவளை, கல்கிசை கடந்து இரத்மலானைக்குச் செல்லும் மாணவரும் உத்தியோகத்தரும் நம்முள் பலர். அங்குள்ள புகையிரதப் பட்டறையின் பெயரை அறியாதார் இலர்; அதன் பெருமையை அறிந்தாரோ சிலரே.

இலங்கைக்குப் புகையிரதம் வந்தது மக்களின் யாத்திரைக்காக அன்று. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டுவரவே. மாட்டு வண்டிகளில் கண்டியிலிருந்து கோப்பி மூடைகள் கொழும்பு வந்து சேர நாட்கள் பல சென்றன. 1845இல் இதற்கென ஒரு கம்பெனி தோன்றியது. 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கினார். கம்பெனியால் வேலை நிறைவேறவில்லை, அரசாங்கமே பொறுப்பேற்றது. பம்பாய்ப் பகுதியில் பாதையிட்ட அனுபவம் வாய்ந்த பேவியல் என்பார் ஒப்பந்தக்காரராக அமர்ந்தார். மோல்ஸ்வர்த் என்பார் பொறியியல் தலைமை ஏற்றார். 1864 டிசம்பர் 27ஆம் தேதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவிற்கு முதல் வண்டி ஓடிற்று. 1867இல் கண்டியையும், 1877இல் கரையோரமாகப் பாணந்துறையையும், 1905இல் காங்கேசன்துறையையும் பாதை எட்டியது. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டபோது, கப்பலேறித் தனுஷ்கோடி சென்று தமிழகம் சேரும் வழியும் பிறந்தது. இதற்கிடையே கோப்பி நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது.

எஞ்சின் ஓடினால் தேயும்; தேய்ந்தால் பழுது பார்க்க வேண்டும். மருதானையில் இடநெருக்கடிப்பட்ட பட்டறை வேலை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரத்மலானைக்கு மாற்றப்பட்டது. வார்ப்பு, கடைசல், கொல்லுவேலை, தச்சு, நிறப்பூச்சு ஆகிய பல தொழில்களும் ஒரே வளவில் கூடின. இயந்திரப் பகுதியின் தலைமைப் பதவியை 1949இல் முதல் இலங்கையராக ஏற்றவர் திரு. பி. டி. ரம்பாலா. 1955 முதல் 1970 வரை புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளராகவும் அவர் விளங்கினார். நீராவிக்கு விடைகொடுத்து டீசலை வரவேற்ற காலம் அவர் காலம். 1956 ஏப்ரல் 23இல் புறப்பட்ட 'யாழ் தேவி'யும் அக்காலத்துக் குழந்தையே.

இனி, பேணப்பட்டுள்ள செல்வங்களைப் பார்ப்போம். 2009இல் கொழும்பு மருதானையில் பழைய ரெர்மினஸ் நிலையக் கட்டடத்தில் ஒரு புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. 150ஆம் ஆண்டு நிறைவு நாளாகிய 2014 டிசம்பர் 27இல் அது கடுகண்ணாவைக்கு இடம் மாறியது. இவ்விடத் தேர்வு மிகப் பொருத்தமானது. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை பாதை 45 அடிக்கு 1 அடி உயர்கிறது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் இயல்பினது. ஆகவே இந்த ஏற்றம் எஞ்சினுக்குப் பெருஞ்சோதனை. முன்னே ஓர் எஞ்சின் இழுக்கப் பின்னே இன்னொன்று தள்ள, நீராவிக் காலத்து வண்டிகள் இம்மலையேறின. தீயிடுவோன் ஓயாது நிலக்கரி வாரி இட்டான். கொதிகலத்து நீராவி உருளைக்குள் புகுந்து ஆடுதண்டைத் தள்ள, அத்தண்டு சில்லைச் சுழற்றிற்று. டீசல் எஞ்சினின் வேலை பெட்டிக்குள் மறைந்து நிகழ்வது. நீராவி எஞ்சினோ தன் உழைப்பை வெளிப்படக் காட்டுவது. நூதனசாலையில் சிறுவர் அதன் முன்னே அசையாது நிற்பதற்குக் காரணம் இதுவே.

ஓட்டத்திற்கென்றே பேணப்பட்ட நீராவி எஞ்சின்களும் உள. 251ஆம் இலக்க எஞ்சினின் பெயர் 'சேர் தோமஸ் மெயிற்லண்ட்'. கல்கிசையிற் கடலோரம் மாளிகை கட்டிய தேசாதிபதியின் பெயர் அது. களனிப் பள்ளத்தாக்கின் இரண்டரை அடிக் குறுகிய பாதையில் 1920களின் இறுதியில் ஓடத் தொடங்கிய செண்டினல் நீராவிக் கார், எஞ்சினும் பயணிகள் பெட்டியும் ஒன்றாய் அமைந்த புதுமை. அப்பாதை 1990களில் அகலப் பாதையாக்கப்பட்டது. பாதை மறைந்தாலும் பழைய வண்டியொன்று எஞ்சினால், பாதையின் கதையை அது சொல்லும்.

பேருருவங்களைப் போலவே சிறுபொருள்களும் நம் கருத்துக்குரியவை. பாதைப் பரிசோதகரின் ட்ரொலியை எடுத்துக்கொள்வோம். நான்கு சில்லு, ஒரு பலகை ஆசனம், ஒரு தடை, அவ்வளவே. தொழிலாளர் தண்டவாளத்தின் மீது கால் பதித்து ஓடித் தள்ளுவர். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வர். ஆணி தளர்ந்ததா, கட்டை உளுத்ததா, மண் சரிந்ததா என்று பரிசோதகர் பார்த்துச் செல்வார். வண்டி வரும் ஓசை கேட்டால் ட்ரொலியைத் தூக்கிப் பாதைக்கு அப்பால் வைக்க வேண்டும். ஆயிரம் பேர் அச்சமின்றி உறங்கிச் சென்ற இரவு வண்டிகளின் பின்னால் இந்த எளிய ஓட்டம் இருந்தது.

ஒற்றைப் பாதையிற் பயன்படும் 'ரப்லெட்' கருவியும் அத்தகையதே. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு வட்டத் தகடு வெளியே எடுக்கப்பட்டால், அது மீண்டும் உள்ளே செல்லும்வரை மற்றொன்றை எடுக்க இயலாது. தகடு கையில் இல்லாத சாரதி வண்டியைச் செலுத்தலாகாது. எதிரெதிரே இரு வண்டிகள் மோதாமைக்கு இதனினும் எளிய காவல் யாதுளது?

கொட்டாஞ்சேனை அன்பர்களுக்குக் கிராண்ட்பாஸ் டிராம் வண்டியையும் நினைவூட்ட விரும்புகிறோம். 1899இல் தொடங்கிய மின்சார டிராம் சேவை 1944இல் மாநகர சபையின் கைக்கு வந்து 1960இல் முடிவுற்றது. 1929ஆம் ஆண்டின் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் நாட்டின் தொழிற்சங்க வரலாற்றில் ஓர் அத்தியாயம். டிராமின் பின் வந்த ட்ரொலி பஸ்ஸும் 1964இல் மறைந்தது. மூத்தோர் பேச்சில் மட்டும் இவை இன்னும் மணியடித்துச் செல்கின்றன.

"வெள்ளையர் தம் இலாபத்திற்காக இட்ட பாதையின் பழைய இரும்பை நாம் ஏன் போற்ற வேண்டும்?" என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும் முதல் அவர்களுடையது, உழைப்பு யாருடையது? மலையைக் குடைந்தவரும் கல் சுமந்தவரும் இந்நாட்டவரும் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளருமே. நிலைய அதிபராயும் கார்டாயும் எழுதுவினைஞராயும் இப்பாதையிற் கடமையாற்றிய யாழ்ப்பாணத்தவர் எத்தனையோ பேர். அந்த உழைப்பின் கைரேகை படிந்த பொருளை உருக்கிவிட்டால், இழப்பு வெள்ளையருக்கன்று, நமக்கே. திருவிழா ஓய்ந்த பின்னும் தேரைத் தேர்முட்டியில் வைத்துக் காப்பவர் நாம். ஓய்ந்த பொருளின் மதிப்பை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

இழப்பின் கசப்பையும் நாம் அறிவோம். 1990இல் யாழ் தேவி வவுனியாவோடு நின்றது. அதற்கப்பால் தண்டவாளங்கள் பெயர்ந்தன, நிலையங்கள் இடிந்தன. ஒரு தலைமுறை புகையிரதத்தைப் படத்தில் மட்டும் கண்டு வளர்ந்தது. 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்திற்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டது. பாதையை மீட்டுக்கொண்டோம், பழைய நிலையங்களில் இருந்த மணியையும் ஏட்டையும் விளக்கையும் மீட்டுக்கொள்ள இயலுமா?

எஞ்சின் ஒன்று நினைவுச் சின்னமாவதற்குப் பெரலிய சான்று பகரும். கனடா மாகாணங்களின் பெயர் பூண்டு 1950களில் வந்த டீசல் எஞ்சின்களுள் 591ஆம் இலக்க 'மனிற்றோபா'வும் ஒன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையால் தாக்குண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட வண்டியை இழுத்துச் சென்றது அதுவே. அதனைப் பழைய இரும்பென ஒதுக்காது திருத்தி மீண்டும் ஓடச் செய்தனர். ஆண்டு நினைவு நாளில் அது பெரலியவில் வந்து நின்றபோது, உறவிழந்தோர் அதன் முன் கூடினர்.

தமிழகத்தில், 1855இல் செய்யப்பட்ட ஈ.ஐ.ஆர். 21 என்னும் எஞ்சினைப் பெரம்பூர்ப் பட்டறையார் 2010இல் உயிர்ப்பித்தனர். இரத்மலானைக் கைகளுக்கும் அத்திறன் உண்டு. ஆனால் பட்டறை செய்யக்கூடியது பாதி வேலையே. எஞ்சினின் எடையும் ஆண்டும் பலகையில் எழுதப்படும். அதை ஓட்டியவன் பட்ட வெப்பம் எழுதப்படுமா? அதனை எழுதுவது நம் போன்ற இளைஞர் கடன். நம் சங்கத்து மூத்தோருள் புகையிரதப் பகுதியில் இளைப்பாறியவர் உளர். அவர்களிடம் சென்று கேட்போம். கேட்டதைக் குறித்து வைப்போம். அவர்தம் பெட்டிகளிலுள்ள கால அட்டவணைகள், சேவைச் சான்றுகள், பழம் படங்கள் ஆகியவற்றைக் கறையான் கொள்ளாது காப்போம். அடுத்த சுற்றுலாவைக் கடுகண்ணாவைக்கு அமைத்து, மூத்தோரையும் உடன் அழைத்துச் செல்வோம். இரும்பு காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார் என்பதை மறவாதிருப்போமாக.